தனித்திருத்தலும் தனிமையுறுதலும்

சென்ற கல்வியாண்டில் இளங்கலை முதலாமாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கையில், கரும்பலகையில் ‘தனிமை’ என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதி, அதுபற்றி ஒரு பக்க அளவில் எழுதித் தருமாறு பணித்தேன். வந்த தாள்கள் ஏறத்தாழ இரு கூறாகப் பிரிந்தன. ஒரு சாரார் தனிமை இனிது என்றனர். மாந்தோப்பு, மலையடிவாரம், நூலகத்தின் மூலை, ஊர் உறங்கிய பின்னிரவு எனப் பலவாறு புனைந்தனர். மற்றொரு சாரார் தனிமை கொடிது என்றனர். விடுதியின் முதல் இரவு, தாயை இழந்த வீடு, மகன் வெளிநாடு சென்றபின் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டன் எனத் தாம் கண்டவற்றை எழுதினர்.

இவ்விரு கூற்றிலும் சேராத தாள் ஒன்றும் இருந்தது. கல்லூரியில் சேருமுன் ஓராண்டுக் காலம் குருபரப்பள்ளிப் பகுதியில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, கட்டணத்திற்குப் பொருள் சேர்த்து வந்த மாணவி ஒருவர் எழுதியது அது. வாடகை அறை ஒன்றில் எட்டுப் பேர். நால்வர் பகல் ஷிப்டு, நால்வர் இரவு ஷிப்டு. ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுப்பர். அந்த ஓராண்டில் ஒரு மணி நேரம்கூடத் தாம் தனியே இருந்ததில்லை என்றும், அந்த ஓராண்டு முழுவதும் தனிமையிலேயே கழிந்தது என்றும் அடுத்தடுத்த இரு தொடர்களில் எழுதியிருந்தார். நான் அவற்றின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘முரண்’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

அது முரணன்று என்பதை உணர எனக்குச் சில நாள்கள் ஆயின. எழுத்துப் பிழையைத் திருத்தும் பழக்கத்தில், ஒரு வாழ்க்கையின் உண்மையைப் பிழையென்று கருதிவிட்டேன். அவ்வுணர்வின் விளைவாக நான் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இம்மலரில் மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் ஊர்ப் பெரியோர்க்கும் முன்வைக்கிறேன்.

ஒரு சொல், இரு நிலை

இருவேறு நிலைகளைத் ‘தனிமை’ என்னும் ஒரே பெயரால் சுட்டி வருவது குழப்பத்திற்கு முதற்காரணம். ஆங்கிலத்தில் சாலிட்யூட் என்றும் லோன்லினெஸ் என்றும் இரு சொற்கள் உள. கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர்ப் பகுதிகளில் நம் இல்லங்கள் பலவற்றில் வழங்கும் உருது மொழியிலும், ‘கல்வத்’ என்பது ஒருவர் நாடிச் செல்லும் ஒதுக்கம். ‘தன்ஹாயீ’ என்பது பெரும்பாலும் துணையின்மையின் துயர். தமிழ் இவ்வேறுபாட்டை அறியாத மொழி அன்று. பெயர்ச்சொல்லில் மறைந்திருப்பதை வினைச்சொல்லில் அது வெளிப்படுத்துகிறது. ‘தனியாக இருந்தேன்’ என்று ஒருவர் கூறினால் நாம் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. ‘தனித்துப் போய்விட்டேன்’ என்றால் உடனே ‘ஏன், என்ன நேர்ந்தது?’ என்று கேட்கிறோம். முன்னதில் எழுவாய் தானே ஒரு செயலைச் செய்கிறது; பின்னதில் அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

தொல்காப்பியர் உரியியலில் ‘புலம்பு’ என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமை என்று பொருள் உரைக்கின்றார். இன்று அச்சொல்லைக் கேட்டால் நம் மனத்தில் எழுவது அழுகையும் முறையீடுமே. தனித்திருத்தலைக் குறித்த சொல், காலப்போக்கில், கேட்பாரற்று வாய்விட்டு அரற்றுதலைக் குறிப்பதாயிற்று. மொழிநூலார் இதற்குப் பல காரணம் கூறலாம். தனியே இருப்பவர் எல்லாரும் துன்புறுபவர் என்று கருதும் நம் சமூக மனப்பான்மையும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். மாணவன் ஒருவன் மைதானத்து வேப்ப மரத்தடியில் தனியே அமர்ந்திருந்தால், ‘என்னப்பா, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பவர்கள்தாமே நாம்!

அகத்திணை இலக்கணம் இவ்விடத்தில் பெருந்துணை புரிகிறது. முல்லைக்கு இருத்தல் உரிப்பொருள். நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள். இரண்டிலும் தலைவன் அருகில் இல்லை. மாலைப்பொழுது இரண்டிலும் வருகிறது, காத்திருப்பவள் தலைவியே. புறத்தே நின்று காண்பவர்க்கு இரண்டும் ஒரே காட்சி. ஆயினும் முல்லைத் தலைவி ஆற்றியிருக்கிறாள்; நெய்தல் தலைவி இரங்குகிறாள். வேறுபாடு எங்கே உளது? கார்காலத்தில் வருவேன் என்று அவன் சொல்லிச் சென்றான். வருவான் என்னும் தெளிவு முல்லைக்கு உண்டு. நெய்தலுக்கு அத்தெளிவு தளர்ந்துவிட்டது. ஒரே பிரிவு, திரும்பிச் சேரும் உறுதி இருக்கும்போது ஒரு திணையாகவும், அது நழுவும்போது வேறொரு திணையாகவும் ஆகிறது. வகுப்பறையில் பல்லாண்டு இதனை நடத்தியும், தேர்வுக்குரிய பட்டியலாக மட்டுமே நடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருக்குறளின் 120ஆம் அதிகாரத்திற்குத் ‘தனிப்படர் மிகுதி’ என்று பெயர். அங்கே ‘தனி’ என்பது ஆளில்லாமையைக் குறிப்பதன்று; ஒருபால் மட்டுமே நிகழும் அன்பின் நிலையைக் குறிப்பது. தான் நினைக்க மற்றவர் நினையாதிருத்தலே அவ்வதிகாரத்தின் துயரம். எதிர்க்குரல் இல்லாமையே தனிமை எனக் கொண்டால், எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையிலும் அது நுழைய முடியும். பாய் விரிக்க இடமில்லாவிடினும் அதற்கு இடம் உண்டு.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இனியவற்றை வரிசைப்படுத்துகையில் ஏகாந்தத்தை முதலில் வைக்கிறது. மேடைகளில் இம்முதற்படியை மட்டும் எடுத்துக்காட்டி நிறுத்திவிடுவோர் பலர். அவ்வரிசை ஏறுவரிசை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஏகாந்தத்தினும் இனிது இறைவனைத் தொழுதல். அதனினும் இனிது அறிவுடையாரைச் சேர்தல் என்று பாடல் மேலே செல்கிறது. தனித்திருத்தல் அங்கே வாயிற்படியாக அமைகிறது. படியிலேயே குடியிருப்பவர் யாருமில்லை.

குகையும் இல்லமும்

குருபரப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர் குருபர் எனப்படும் ஆட்டிடையர் குடியை நினைவூட்டுகிறது. கன்னட நாட்டின் எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும். பாறைக் குன்றுகளும் மேய்ச்சல் நிலமும் மாந்தோப்புகளுமாக இருந்த இம்மண்ணில், மந்தையின் பின்னே நாள் முழுதும் தனியே நடந்தவர்கள் எத்தனை தலைமுறையினரோ! ஆடு மேய்க்காத இறைத்தூதர் எவருமில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அருளியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இடையன் தனியாக நடப்பவன். மாலையில் பட்டிக்குத் திரும்புபவன். முல்லை நிலத்தின் உரிப்பொருள் அவன் வாழ்விலேயே அமைந்திருக்கிறது.

நபித்துவம் அருளப்படுமுன் நாயகம் அவர்களுக்குத் தனித்திருத்தல் விருப்பமானதாயிற்று என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்த செய்தி கூறுகிறது. மக்காவை அடுத்த மலையில் ஹிரா குகையில் பல இரவுகள் தங்கி வழிபடுவார்கள். கி.பி. 610இல் முதல் இறைச்செய்தி அங்கே அருளப்பெற்றது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தை நபிப்பட்டம் பெற்ற படலத்தோடு தொடங்குவதை மாணவர் அறிவர். இந்நிகழ்ச்சியைக் கூறுகையில் குகையைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். அச்செய்தியிலேயே உள்ள மற்றொன்றை விரைந்து கடந்துவிடுகிறோம். கொண்டுசென்ற உணவு தீர்ந்ததும் நாயகம் அவர்கள் இல்லம் திரும்புவார்கள். கதீஜா (ரலி) அவர்கள் மீண்டும் உணவு கட்டித் தருவார்கள். முதல் இறைச்செய்தியின் அதிர்ச்சியில் நடுங்கியவாறு இறங்கி வந்தபோது சென்ற இடமும் அவ்வில்லமே. போர்த்துமாறு கேட்டார்கள், அன்னையார் போர்த்தினார்கள், அச்சம் தணியும்வரை உடனிருந்து தேற்றினார்கள். குகைக்கு அங்கே வழியுணவு கட்டித் தரும் ஓர் இல்லம் இருந்தது.

ரமலானின் இறுதிப் பத்து நாள்களில் மேற்கொள்ளப்படும் இஃதிகாபையும் இவ்வாறே நோக்கலாம். தனித்திருக்க விழைபவர் காட்டிற்கோ மலைக்கோ செல்வதில்லை. ஊரார் ஐவேளையும் கூடும் பள்ளிவாசலுக்கே செல்கிறார். மூலையில் ஒரு திரைச்சீலை, அதற்குள் அவர். தொழுகைக்கு அழைப்பொலி எழுந்ததும் திரையை விலக்கி வெளிவந்து, அண்டை வீட்டார் தோளோடு தோள் சேர வரிசையில் நிற்கிறார். அவரவர் வீட்டிலிருந்து உணவு வந்து சேர்கிறது. கூட்டத்தின் நடுவே அமைக்கப்பெற்ற தனியிடம் இது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) 1095இல் பாக்தாதில் தம் உயர்ந்த ஆசிரியப் பதவியைத் துறந்து ஒதுங்கி வாழ்ந்தவர். அவரே ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ஒதுங்கி வாழ்தலுக்கென ஒரு தனி நூற்பகுதி அமைத்து, அதன் பயன்களையும் மக்களோடு கலந்து வாழ்தலின் பயன்களையும் எதிரெதிரே வைத்து எடைபோடுகிறார். இறுதியில் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார். நம் தமிழகத்தில் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், குணங்குடி மஸ்தான் சாகிபு என உலகறியத் துறவு பூண்டு சுற்றித் திரிந்தபின், சென்னை இராயபுரத்தில் வந்து தங்கியதும் இங்கு எண்ணத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் உளநூல் இதே இடத்திற்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. டொனால்ட் வின்னிகாட் என்னும் ஆங்கிலேயர் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கியவர். தனித்திருக்கும் ஆற்றலைப் பற்றி 1958இல் அவர் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அவ்வாற்றல் குழந்தைக்கு எங்கே பிறக்கிறது? தாய் அருகில் இருக்கையில் பிறக்கிறது என்பது அவர் விடை. தாய் ஒரு பக்கம் வேலையாக இருக்க, குழந்தை தன்பாட்டில் கிலுகிலுப்பையோடு இருக்கிறது. இருவரும் பேசுவதில்லை. தாய் அங்கே இருக்கிறாள் என்னும் உறுதியில் குழந்தை அவளை மறந்துவிடுகிறது. இவ்வாறு மறக்கக் கற்ற குழந்தையே வளர்ந்தபின் ஓர் அறையில் அச்சமின்றித் தனியே இருக்கும். நம் வீட்டு அடுக்களைகளில் நாள்தோறும் காணும் காட்சி இது. மேனாட்டார் எழுதிய பின்னரே அதனை உற்று நோக்குகிறோம்.

அகமத்நகர்க் கோட்டையில் ஒருவர்

இவ்விரு நிலைகளையும் ஒரே மனிதர், ஒரே இடத்தில், ஒரு சில திங்கள் இடைவெளியில் அடைந்து, அவற்றைத் தம் கையாலேயே எழுதியும் வைத்தார். அவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் (1888–1958).

1942 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காங்கிரசுத் தலைவராக இருந்த ஆசாத் கைது செய்யப்பெற்றார். நேரு, பட்டேல், கிருபளானி, ஆசப் அலி, பட்டாபி சீத்தாராமையா முதலியோருடன் அகமத்நகர்க் கோட்டையில் அடைக்கப்பெற்றார். அவரையும் சேர்த்துப் பன்னிருவர். நேரு ‘கண்டுணர்ந்த இந்தியா’ என நாம் தமிழில் வழங்கும் நூலை எழுதியது இக்கோட்டையில்தான். ஆசாத் எழுதியவை கடிதங்கள். அலிகர்ப் பகுதியைச் சேர்ந்த தம் நண்பர் மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு அவை எழுதப்பெற்றன. அஞ்சலில் சேர்க்க இயலாது என்பதை அறிந்தே அவர் எழுதினார். அக்கடிதங்கள் விடுதலைக்குப்பின் 1946இல் ‘குபாரே காதிர்’ என்னும் பெயரில் உருது உரைநடையின் உயர்ந்த நூல்களுள் ஒன்றாக வெளிவந்தன. உள்ளத்தில் படிந்த புழுதி என்பது அப்பெயரின் பொருள்.

அந்நாள்வரை தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சிறையில் கழிந்ததாக அவர் கணக்கிடுகிறார். அதனைக் குறையாகக் கூறவில்லை. விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணிக்கே விழித்தெழுவது அவர் இளமை முதற்கொண்ட வழக்கம். கோட்டை முழுவதும் உறங்கிக் கொண்டிருக்கும். தாமே நீரைக் கொதிக்க வைத்து, மல்லிகை மணம் ஊட்டிய சீனத் தேயிலையை இட்டு, அளவறிந்து இறக்கி, மிடறு மிடறாக அருந்துவார். பால் கலந்ததை அவர் தேநீராகவே மதிப்பதில்லை. (குருபரப்பள்ளி நெடுஞ்சாலைக் கடைகளில் நாம் ஆற்றிக் குடிப்பதைக் கண்டிருந்தால் என்ன கூறியிருப்பாரோ!) சிகரெட்டும் உடனிருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் ஓர் அரசன் தன் நாட்டைப் பற்றிப் பேசுவது போன்ற பெருமிதம் காணப்படுகிறது. அடைத்தவர்கள் அரசாங்கத்தார்; ஆயினும் அந்த விடியல் அவர் தேர்ந்துகொண்டது.

அவருடைய அறையில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டத் தொடங்கிய கதையையும் விரிவாக எழுதுகிறார். துரும்பும் தூசும் உதிர்வது பொறாமல் முதலில் அவற்றோடு போர் தொடுத்தார், தோற்றார். பின் சமாதானம் செய்துகொண்டு அரிசி மணிகளை இட்டுப் பழக்கினார். அவை கையருகே வந்து கொத்தும் அளவு நெருங்கின. சூஃபி, முல்லா, கலந்தர் என அவற்றின் நடத்தைக்கேற்பப் பெயரும் சூட்டினார். நாட்டின் முதன்மைத் தலைவர் ஒருவர் குருவிகளிடம் தோற்றுப்போனதை இத்துணை மகிழ்ச்சியோடு எழுதும்போது, தனித்திருத்தல் எவ்வளவு நிறைவுடையதாக இருக்க முடியும் என்பதை நாம் உணர்கிறோம். அஞ்சல் செல்லாவிடினும் படிக்கும் நண்பர் ஒருவர் அவர் மனத்தில் அமர்ந்திருக்கிறார். கல்கத்தாவில் ஓர் இல்லம் இருக்கிறது. கைதாகுமுன் பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று வாயில்வரை வந்து வழியனுப்பிய துணைவியார் ஜுலைகா பேகம் அங்கே இருக்கிறார்.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் துணைவியாரின் நோய் முற்றியதாகச் செய்தி வந்தது. அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டால் சென்று காண வழியுண்டு எனச் சிறை அதிகாரி குறிப்பாகக் கூறினார். ஆசாத் கேட்கவில்லை. வெளிப்பார்வைக்குத் தம் அன்றாட ஒழுங்கு சிறிதும் மாறாதவாறு காத்தார். உணவு வேளைக்கு உரிய நேரத்தில் வந்து அமர்ந்தார். ஏப்ரல் 9ஆம் நாள் அவ்வம்மையார் மறைந்தார். இரு நாள் கழித்து எழுதிய கடிதத்தில், அந்த ஒழுங்கு அனைத்தும் பிறர் காணப் பூண்ட வேடமே என்று நண்பரிடம் ஒப்புக்கொள்கிறார். கோட்டைக்குள் யாருடையதென்று அறியாத பழைய கல்லறை ஒன்று இருந்தது. வந்த நாள் முதல் நூற்றுக்கணக்கான முறை கண்டது அது. இப்போது அதனைக் காண்கையில் இதுவரை இல்லாத ஒரு நெருக்கம் தோன்றுவதாக எழுதுகிறார். அறை மாறவில்லை, தேநீர் மாறவில்லை, உடனிருந்த பதினொருவரும் அங்கேயே இருந்தனர். திரும்புவதற்கு இருந்த இடம் இல்லாமற் போயிற்று.

1945 சூனில் விடுதலை பெற்றார். ஹௌரா நிலையத்தில் கடல்போல் கூட்டம். மோட்டார் வண்டி முழுவதும் மாலைகள் குவிந்தன. மூன்றாண்டுகட்கு முன் வழியனுப்பியவர் இன்று வாயிலில் இல்லை என்னும் எண்ணம் எழவே, வீட்டிற்குச் செல்லாமல் வண்டியை அடக்கத்தலத்திற்குத் திருப்பச் சொன்னார். குவிந்திருந்த மாலைகளுள் ஒன்றை எடுத்துக் கல்லறைமேல் வைத்து, அமைதியாக ஃபாத்திஹா ஓதினார். பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் அவரே இதனைக் குறிப்பிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவராக இருந்தபோது இல்லாத தனிமை, ஆயிரக்கணக்கானோர் வாழ்த்தொலிக்கு நடுவே அவரைப் பற்றியது.

ராபர்ட் வைஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1973இல் வெளியிட்ட நூலில், தோழமை வட்டம் இல்லாமையால் வரும் தனிமை வேறு, நெருங்கிய ஒருவர் இல்லாமையால் வரும் தனிமை வேறு என்றும், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பாது என்றும் கூறினார். அகமத்நகரை அறிந்தவர்க்கு இக்கூற்றை விளக்க வேண்டுவதில்லை.

நெடுஞ்சாலை ஓரத்து அறைகள்

இனி அம்மாணவியின் தாளுக்கு வருவோம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெருந்தொழில்கள் வந்தன. பின்னர் அவ்வளர்ச்சி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிப் பரவி, சூளகிரியையும் குருபரப்பள்ளியையும் எட்டியது. ஓசூரை அடுத்த ஐபோன் ஆலையில் 60,000 பேர் வரை பணிபுரிவர் என்றும், அவர்களுள் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்றும் நடுவண் அமைச்சர் ஒருவர் 2022 நவம்பரில் அறிவித்தார். தருமபுரியின் மலையோர ஊர்களிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருவோர் வேறு. பதினெட்டு, இருபது அகவையில், முதன்முதல் கைநிறையும் ஊதியத்தோடு, முதன்முதல் தாய்மொழி கேளாத அறையில் படுத்துறங்குவோர் இவர்கள். அவ்வூதியத்தால் தம்பி படிக்கிறான், வீட்டுக்குக் கூரை மாறுகிறது என்பதையும் கூறாமல் விடலாகாது. வேலையைப் பழிப்பது என் நோக்கமன்று.

அவ்வறைகளில் இல்லாதவை இரண்டு. ஒன்று, தனித்திருக்க இடம். அழ வேண்டுமெனில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று அம்மாணவி எழுதியிருந்தார். மற்றொன்று, சேர்ந்திருக்க நேரம். பகல் ஷிப்டினர் திரும்புகையில் இரவு ஷிப்டினர் வாயிலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பர். உடன் உறங்குவோரின் முகத்தைவிட அவர்தம் போர்வையின் நிறமே நன்கு பழக்கமாகிவிடும். உடன் தங்கியிருந்த பெண் ஒருத்தி ஒருநாள் எவரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். பகலினர் அவள் இரவு வேலைக்குச் சென்றிருப்பதாகவும், இரவினர் பகல் வேலைக்கு மாறியிருப்பதாகவும் எண்ணினர். மறுநாள் மாலைவரை அவள் இல்லாமை யாருக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் இரவெல்லாம் ஊராரோடு பேசலாமே எனலாம். எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில், ‘நன்றாக இருக்கிறேன் அம்மா’ என்பதைத் தவிர வேறென்ன பேச முடியும்?

தனிமை உடலையும் வருத்தும் என்பதை இன்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆணையம் 2025 சூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் தாக்குண்டவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையவை. முதியோரின் துயர் என்றே இதனை நாம் எண்ணியிருந்தோம். 13 முதல் 29 அகவை வரையுள்ளோரில் 17 முதல் 21 விழுக்காட்டினர் தம்மைத் தனிமையுற்றவராகக் கூறியுள்ளனர் என்பதை ஆசிரியராகிய நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் இதற்கென அமைச்சர்களையே அமர்த்தின.

நம் மாநிலத்தில் 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் வளாகம் திறக்கப்பெற்றது. நல்ல தொடக்கமே. ஆயினும் படுக்கைகளை எண்ணுவது எளிது. படுக்கைக்கு ஒரு திரைச்சீலை, மாடியில் ஒருவர் மட்டும் அமர ஒரு மூலை, இரு ஷிப்டினரும் கிழமைக்கு ஒருமுறை ஒன்றாக உண்ண ஒரு வேளை என்பவை எந்தத் திட்ட வரைவில் இடம்பெறும்? இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அறை வாடகைக்கு விடும் நம் பெரியோர் நினைத்தால் பாதி முடியும். வாடகை வாங்கச் செல்லும் நாளில் ‘எந்த ஊர் அம்மா, வீட்டில் நலமா?’ என்று கேட்டு விடைக்காக நிற்பது, ஒரு வீட்டு உரிமையாளருக்கு இரண்டு நிமிடச் செலவு. பெருநாள் அன்று அத்தெருவிற்கு ஒரு சட்டி உணவு செல்லுமாயின், எவ்வூரார் எம்மொழியார் எச்சமயத்தார் என நோக்காது செல்லுமாயின், இஃதிகாப் இருப்பவருக்கு வீட்டிலிருந்து உணவு அனுப்பும் ஊருக்கு அது அரிய செயலன்று.

மாணவர்க்கு ஒன்று கூற வேண்டும். தனியே அமர்ந்து படிப்பவனைக் கேலி செய்யாதீர். அவனுக்கு அது விடியற்காலைத் தேநீராக இருக்கலாம். அதே வேளையில், எப்போதும் நால்வரோடு திரிபவனுக்குக் குறையொன்றும் இராது என்று எண்ணியும் விடாதீர். இரண்டையும் புறத்தே நின்று பிரித்தறிய இயலாது. கேட்டே அறிதல் வேண்டும். கேட்பதிலும் நான் கற்றது ஒன்று உண்டு. ‘ஏன் தனியாக இருக்கிறாய்?’ என்னும் வினாவில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ‘நானும் இங்கே உட்காரலாமா?’ என்பதில் அது இல்லை; வேண்டாவெனில் மறுக்கவும் அதில் இடமுண்டு.

அந்தத் தாளை மீண்டும் வாங்கி, ‘முரண்’ என்பதை அடித்து, குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து அம்மாணவியிடம் கொடுத்தேன். அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. அடித்த சொல்லைத்தான் பார்த்தார். சொல்லாமல் ஊருக்குப் போன அப்பெண் பின்னர் என்ன ஆனாள் என்று கேட்டேன். அறையை விட்டு வரும்போது அவளுடைய எண்ணைத் தேடி வாங்கி வந்ததாகவும், வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் நூலகத்திற்குப் பின்னுள்ள படிக்கட்டில் அமர்ந்து அவளோடு பேசுவதாகவும் கூறினார். ‘அங்கே யாரும் வர மாட்டாங்க ஐயா’ என்றார்.